பார்சலே காசு கட்டிய காலம்

கொரியர் தம்பி ராகலை டவுனுக்கு வந்து நின்று போன் போடுகிறார்.

"அக்கா, சாமான் வந்திருக்கு. வீடு எங்க?"

"பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வாங்க தம்பி. ரெண்டு கட்டை மேல ஏறுங்க. கொழுந்து மடுவத்துக்கிட்ட சோத்துக்கைப் பக்கம் திரும்புனா கோயில் தெரியும். கோயிலுக்குக் கீழ அஞ்சாவது லயம், மூணாவது காம்பரா. முன்னால கருப்பு நாய் படுத்திருக்கும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"அக்கா, டவுன்ல எந்தக் கடையில குடுத்துட்டுப் போகட்டும்?"

அமெரிக்காவில் வீட்டு வாசலில் வைத்த பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு வாசல் கொள்ளையர் என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களையும் மழையையும் சமாளிக்க அழைப்பு மணிக்குள் கேமரா, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, நனையாத உறை என்று ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதெல்லாம் செல்லுபடியாகாது. இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் விறகுக் கட்டு இருக்கும், கோழிக்கூடு இருக்கும், அதற்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு தாத்தா இருப்பார். திருடன் வந்தால் முதலில் தாத்தாவிடம் தன் தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று ஒப்பிக்க வேண்டும். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். குடித்துவிட்டுத் திருட யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் சாமானை நனையாமல், களவு போகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வித்தையில் இந்த இலங்கை மலைநாட்டுக்கு உள்ள அனுபவம் எந்தக் கொரியர் கம்பனிக்கும் கிடையாது. நூற்றைம்பது வருசத்துக்கு மேற்பட்ட அனுபவம். அந்த வித்தை எந்தச் சாமானுக்குக் காட்டப்பட்டது என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலில் காப்பி. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதற்கு முன் காப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் கொழும்புக்கு இறங்கின. போகும் வழியில் வண்டிக்காரர்கள் கொஞ்சம் காப்பியை உருவிக்கொண்டு, மிச்சத்தில் தண்ணீரைத் தெளித்து நிறையைச் சரிக்கட்டிவிடுகிறார்கள் என்று தோட்டத்துத் துரைமார் புலம்பினார்கள். யோசித்துப் பாருங்கள், களவையும் மழையையும் ஒரே ஆள் ஒரே வண்டியில் நடத்திக் காட்டியிருக்கிறான். கேட்டால் "வழியில மழைங்க தொரை" என்று சொல்லியிருப்பான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காப்பித் திருட்டைத் தடுக்க என்றே 1870களில் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் வந்து பார்த்தால், 1869இலேயே வந்து இறங்கியிருந்த இலைத்துரு என்ற பூஞ்சணம் தோட்டம் தோட்டமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு பிடி காப்பிக்கொட்டை வைத்திருந்தவனைப் பிடிக்கச் சட்டம் இருந்தது. பூஞ்சணத்துக்கு விலங்கு மாட்ட ஆள் இல்லை.

பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் அதை நட்டதும் கண்டிக்கு ரயில் வந்த அதே 1867இல்தான். தேயிலைக்கு நடந்த உபசாரம் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. தேயிலை ஈரத்தை உறிஞ்சும், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். சூடு காட்டி, ஈரத்தைச் சுமார் 3 சதவீதத்துக்கு இறக்கித்தான் பெட்டிக்குள் போடுவார்கள். மரப்பெட்டி, உள்ளே ஈயத் தகடு, மேலே மூடி விளிம்பில் பற்றவைப்பு. பின்னாளில் ஒட்டுப்பலகைப் பெட்டியும் அலுமினியத் தாளும் வந்தன. பெட்டியின் வெளியே தோட்டத்தின் பெயர், தரம், இலக்கம், மொத்த நிறை, பெட்டியின் நிறை, உள்ளே இருக்கும் தேயிலையின் நிறை எல்லாம் எழுதியிருக்கும். லண்டனில் இறக்குகிறவன் அதை வாசித்தால் ராகலையில் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வான்.

ஒரு சொட்டு மழை உள்ளே போகாது. அந்தத் தேயிலையைப் பறித்த அம்மாவுக்கு? தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, இடுப்பில் படங்கு, குளிருக்கு ஒரு கம்பளி. கம்பளி நனைந்தால் ஆளைவிடப் பாரமாகிவிடும். அந்தக் கம்பளியைச் சும்மாவும் கொடுக்கவில்லை, கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்குக் கொடுத்த ஈயத் தகட்டின் விலையைத் தேயிலையிடமிருந்து யாரும் பிடித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பெட்டிகளுக்காகத்தான் எங்கள் ஊருக்கு ஒரு சின்னக் கோச்சி வந்தது. பெரிய ரயில் 1885இல் நானுஓயா வரைக்கும் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு, இரண்டரை அடி அகலத்தில் ஒரு தண்டவாளம் 1903, 1904 காலத்தில் போட்டார்கள். தண்டவாளத்தின் அகலம் ஒரு கைக்குழந்தை தவழும் தூரம். அது வளைந்து வளைந்து ஏறிய மலையோ ஐயாயிரம் அடிக்கு மேல். உரமும் அரிசியும் மேலே வந்தன, தேயிலை கீழே போனது. லொறிகள் வந்து போட்டி போட்டதும் 1940களில் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டதால், எங்கள் பிள்ளைகளிடம் ராகலையில் கோச்சி ஓடியது என்று சொன்னால் தாத்தாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

துரையின் சாப்பாட்டுக்கும் தனி ஏற்பாடு இருந்தது. பங்களாவுக்கு மாட்டிறைச்சியும் பாணும் கொண்டுவருவதற்கென்றே ஒரு ஆள், அவன் தலையில் ஒரு பெட்டி. மைல் கணக்கில் நடந்து, அட்டைக்கடி பட்டு, மழையில் தெப்பமாக நனைந்து வருவான். பெட்டி மட்டும் நனையாது. இன்றைக்குச் சாப்பாட்டை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசுகிறார்கள். எங்கள் பூட்டன்மார் அதைச் செய்துவிட்டார்கள். நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுக்கும் வழக்கம் மட்டும் அப்போது இல்லை. துரை வாயாலேயே கொடுத்துவிடுவார்.

இனி நம்ம ஆளைப் பார்ப்போம்.

1901இல் அரசாங்கம் தகரத் துண்டு முறையைக் கொண்டுவந்தது. தோட்டம் ஆள் கேட்டால், அந்தத் தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் அடித்த வட்டத் தகரங்களைக் கங்காணியிடம் கொடுத்து இந்தியக் கரைக்கு அனுப்பும். கங்காணி ஆள் பிடித்து, ஆளுக்கு ஒரு தகரமாகக் கழுத்தில் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஆள் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுகிறவன் தகரத்தைப் பார்ப்பான், கொழும்பில் இறக்குகிறவன் தகரத்தைப் பார்ப்பான், ரயிலில் ஏற்றுகிறவனும் தகரத்தைப் பார்ப்பான். ஆள் தோட்டத்தில் போய் விழுவார். தேயிலைப் பெட்டியின் முத்திரையும் தாத்தாவின் தகரமும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒன்று மலையிலிருந்து இறங்கியது, மற்றது மலைக்கு ஏறியது.

வழிச்செலவை அரசாங்கம் முதலில் போட்டுவிட்டுத் தோட்டத்திடம் கணக்குக் கேட்கும். தோட்டம் அதைக் கங்காணியின் தலையில் எழுதும். கங்காணி ஆளின் தலையில் எழுதுவார். சாமான் கைக்கு வந்தபின் காசு கொடுக்கலாம் என்று இன்றைக்கு விளம்பரம் செய்கிறார்களே, அதேதான். ஒரு சின்ன வித்தியாசம், இங்கே காசைக் கட்டியது பார்சல். சில பார்சல்கள் சாகும்வரை கட்டின. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' என்ற கடதாசி வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் தீர்த்தால்தான் விடுதலை. 1921இல்தான் அந்தக் கடதாசித் துண்டை ஒழித்தார்கள்.

அமெரிக்காவில் பார்சல் தபால் 1913இல் தொடங்கியபோது, சில தாய் தகப்பன்மார் ரயில் டிக்கெட்டை விட மலிவாக இருக்கிறதே என்று பிள்ளைகளையே தபாலில் அனுப்பினார்களாம். 1914இல் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறுமியின் கோட்டில் 53 சதத்துக்கு முத்திரை ஒட்டிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிய கதையை உலகமே சிரித்துச் சிரித்துச் சொல்கிறது. பிள்ளை பாட்டி வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எங்கள் பாட்டிமாரும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள், அனுப்பிய வீட்டுக்குத் திரும்பிப் போகத்தான் வழியில்லை.

ஆள் வந்தாகிவிட்டது. ஆளுக்குக் கடிதம் வர வேண்டுமே? அங்கேதான் இத்தனை வருச வித்தையும் காணாமல் போகிறது.

தோட்டத்துத் தபால் பை தினமும் டவுனுக்கு இறங்கி ஏறும். கித்தான் பை, பித்தளைப் பூட்டு. சாவி ஒன்று தபால் கந்தோரில், மற்றது தோட்டத்து ஆபீசில். துரையின் பத்திரிகை, துரைசானியின் கடிதம், கொழும்புத் தரகரின் ஏலக் கணக்கு எல்லாம் மேலே இருக்கும். தமிழ்நாட்டுப் பொன்னமரவதியிலிருந்தும் துறையூரிலிருந்தும் வந்த கடிதங்கள் அடியில் கசங்கிக் கிடக்கும். ஆபீஸ் மேசை வரைக்கும்தான் பூட்டு. அதற்குப் பிறகு கடிதத்தின் பாடு அதன் விதி. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உண்டு. ஜன்னல் கட்டையில் வைத்தால் காற்று கொண்டுபோகும். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் அது ஓடையில் கப்பலாகப் போகும்.

முகவரி என்று இருந்தது ஒன்றே ஒன்று, தோட்டத்தின் பெயர். ஐந்நூறு குடும்பத்துக்கு ஒரே முகவரி. மூன்று டிவிசனிலும் ராமசாமி இருப்பார். கடிதம் முதல் ராமசாமியிடம் போகும், அவர் வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசித்து, யாரோ ஒரு அத்தை செத்த சேதிக்கு ஒரு பாட்டம் அழுது முடித்தபிறகுதான் அத்தை தன்னுடையதில்லை என்று புரியும். அழுதது அழுததுதான், கண்ணீரைத் திருப்பி வாங்க முடியுமா? உரியவர் கைக்குப் போகும்போது கடிதம் பாதி நனைந்திருக்கும்.

சிரிக்க முடியாத கடிதங்களும் அதே பையில் வந்தன. 1948இல் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிவிட்டு, 1949இல் "வேண்டுமானால் விண்ணப்பியுங்கள்" என்றார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் போனது. அதற்கான பதிலும் விசாரணைக் கடிதமும் அந்த ஜன்னல் கட்டை வழியாகத்தான் வர வேண்டும்.

எனக்கும் ஒன்று வந்தது. ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம். பரீட்சை திங்கட்கிழமை, கடிதம் என் கைக்கு வந்தது வியாழக்கிழமை. மை கரைந்து திகதி மட்டும் தெளிவாக இருந்தது, என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே. எந்தத் தோட்டம், எந்தக் கிளாக்கர் ஐயா என்று சொல்ல மாட்டேன். அவர் இப்போது எனக்குச் சம்பந்தி.

இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டிக்கொண்டு போனவர்களுக்குக் கதவில் இலக்கம் இருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் லயம், காம்பரா, கருப்பு நாய். தோட்டத்துப் பாதைக்குப் பிரதேச சபை தாராளமாகக் காசு செலவழிக்கச் சட்டத்தைத் திருத்தியதே 2018இல்தான். கொரியர் தம்பியின் மோட்டார் சைக்கிள் மேலே ஏறாததற்கு அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

அதனால் சாமான் கடையில் இறங்குகிறது. பருப்பு மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவில், ஒழுகும் மூலையைத் தவிர்த்து, மேலே ஒரு உரப்பையைப் போட்டு முதலாளி வைத்திருப்பார். சாயங்காலம் மேல் டிவிசனுக்குப் போகிற திரிவீலில் ஏற்றிவிடுவார். களவு போகாது, இரகசியம் போய்விடும். திரிவீல் கோயிலைத் தாண்டும் முன்பே, என்ன வாங்கினோம், எவ்வளவு விலை, அதே சட்டி நுவரெலியாவில் எவ்வளவு மலிவு என்பதெல்லாம் லயம் முழுக்கத் தெரிந்திருக்கும். அமெரிக்காக்காரனின் கேமராவுக்கு இவ்வளவு பார்வை கிடையாது.

ஆகவே ராகலைப் பக்கம் சாமான் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகவரியில் தோட்டத்தின் பெயரோடு டிவிசன், லயம், காம்பரா நம்பர், தகப்பன் பெயர், கடையின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். மழைக் காலமாக இருந்தால் பெட்டிக்கு உள்ளேயும் ஒரு பொலித்தீன் பை போடுங்கள். இடம் மிச்சமிருந்தால் கருப்பு நாயையும் எழுதிவிடுங்கள். அது கடிக்காது.