வாணலி கழுவாமை: ஜாப்சே குறித்த ஓர் ஆராய்ச்சி

கொரிய வீட்டு அடுப்படியில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஜாப்சே என்னும் கண்ணாடிச் சேமியாப் பதார்த்தத்துக்குக் காய்களைத் தனித்தனியே வதக்க வேண்டுமா, ஒன்றாகக் கொட்டிக் கிளறிவிடலாமா என்பதே அது. கடைசியில் எல்லாம் ஒரே பாத்திரத்தில்தானே விழப்போகிறது என்பர் ஒரு சாரார். இவரை ஒருவாணலியார் என்க. கலப்பது வேறு, குழப்புவது வேறு என்பர் மற்றொரு சாரார். இவர் பல்வாணலியார். பல்வாணலியார் வீட்டிலும் பெரும்பாலும் வாணலி ஒன்றே இருக்கும் என்பதுதான் இவ்வாய்வின் மையச் சிக்கல்.

முதலில் மூலபாடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜாப்சேயில் சேமியா ஓர் இடைச்செருகல். 1670 வாக்கில் ஜாங் கியேஹியாங் என்னும் அம்மையார் கொரிய எழுத்தில் எழுதிவைத்த ‘உம்சிக் திமிபாங்’ என்ற சமையல் நூலில் ஜாப்சே உண்டு. அதில் காய்கள் உண்டு, காளான் உண்டு, ஃபெசன்ட் பறவையின் கறிகூட உண்டு. சேமியா மட்டும் ஓர் இழையும் இல்லை. தாங்மியான் என்னும் அந்த மாவிழை உள்ளே நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில். இன்று தட்டில் பாதியை அடைத்துக்கொண்டு, தானே மூலம் என்பதுபோல் பளபளக்கிறது.

அரசியல் சான்றும் உண்டு. குவாங்ஹேகுன் மன்னர் (ஆட்சி 1608–1623) சாப்பாட்டு வேளையில் யி சுங் என்பவர் வீட்டிலிருந்து பதார்த்தம் வரும்வரை காத்திருந்துதான் கை வைப்பார் என்று அவருடைய ஆட்சிக் குறிப்பே சொல்கிறது. யி சுங் நிதியமைச்சர் ஆனார். ஊர் அவருக்கு ‘ஜாப்சே அமைச்சர்’ என்று பட்டம் கட்டிப் பாட்டும் பாடியது. அந்த வீட்டில் வாணலி கழுவியவருக்கு எந்தத் துறை கிடைத்தது என்பது மேலாய்வுக்கு உரியது.

இனிப் பொருளுக்கு வருவோம். பல்வாணலியாரின் வாதம் வெறும் வறட்டுப் பிடிவாதம் அன்று. காளான் நீர் விடும்; வெங்காயமும் விடும்; கேரட் விடாது, வேகவும் நேரம் எடுக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் வதங்குவதற்குப் பதில் அவிந்துபோகும். அதோடு கொரியர் போற்றும் ஐந்து வண்ணங்களும் தட்டில் தனித்தனியே தெரிய வேண்டும்: பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. எல்லாம் சேர்ந்து பழுப்பானால் அது ஆறாவது வண்ணம். மரபு அதை ஏற்பதில்லை.

ஆயின், ஒவ்வொரு காய்க்கும் வாணலி கழுவ வேண்டுமோ எனின், வேண்டா. என்னையெனின், வெளிர்நிறம் முன்னும் கருநிறம் பின்னும் வரும்படி வதக்குக. முதலில் முட்டைத் தோசை, அதிலும் வெள்ளை முந்தி, மஞ்சள் பிந்தி. அடுத்து வெங்காயம், பின் கேரட், பின் காளான். சோயா சாஸில் ஊறிய மாட்டிறைச்சி கடைசியில். முன்னது பின்னதில் ஒட்டினாலும் கறை தெரியாது. இதுவே வரிசைக் கோட்பாடு. உலகில் சோம்பல் கண்டுபிடித்த ஒழுங்குகளில் இதைவிட நேர்த்தியானதை யாம் அறியோம்.

இதற்குப் புறனடை கீரை. பாலக் வாணலி ஏறுவதில்லை. கொதிநீரில் ஒரு முங்கு முங்கி, குளிர்ந்த நீரில் அலசி, இறுகப் பிழிந்து, நல்லெண்ணெயும் உப்பும் பிசறி வைக்கப்படும். பிழியாதவர் செய்த ஜாப்சே எக்கட்சிக்கும் உரியதன்று.

சேமியா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரைவள்ளி மாவால் ஆனது. ஏழெட்டு நிமிடம் வெந்தால் கண்ணாடியாகும். பிறகு கத்தரிக்கோலால் வெட்டப்படும். அடுப்படியில் கத்தரிக்கோலா என்று வியக்க வேண்டா. கொரியாவில் அதுவும் ஒரு கரண்டிதான். சோயா சாஸ், சர்க்கரை, நல்லெண்ணெய் மூன்றையும் சூட்டோடு குடித்த பின்பே இழை காய்களோடு சேரும்.

ஒருவாணலியார்க்கு ஒரு சான்று மிச்சம் உள்ளது. விருந்தில் மீந்த ஜாப்சே ஃப்ரிட்ஜில் ஓரிரவு கழித்தால் மாவு இறுகி, இழை மங்கி விறைத்துப்போகும். மீண்டும் சூடுபட்டால்தான் நெகிழும். ஆகவே மறுநாள் காலை, பிரித்துப் பிரித்து வதக்கிய அதே கைகள் அத்தனையையும் ஒரே வாணலியில் கொட்டிக் கிளறிச் சோற்றின்மேல் போடுகின்றன. இது கொள்கைமீறல் ஆகாதோ என்று பல்வாணலியாரைக் கேட்டால், அது ஜாப்சே அன்று, ஜாப்சேபாப் என்று விடையிறுப்பர்.