கவட்டை உருண்டைக்கு ஏற்ற அச்சு எது? ஓர் ஒப்பீட்டு முன்னாய்வு

அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். அதற்கான பொறிகளை டில்லன், ஹார்னடி, லீ போன்ற கம்பெனிகள் விற்கின்றன. உசத்தியான பொறியில் கைப்பிடியை ஒருதரம் இழுத்தால் தட்டு ஒரு கட்டம் நகரும், தயாரான தோட்டா ஒன்று வந்து விழும். நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ உரிமம் இல்லாமல் தோட்டா செய்ய விடாது. தோட்டத்தில் கிளியோட்ட எஞ்சியிருப்பது கவட்டையும் களிமண் உருண்டையும்தான்.

ஆய்வுக்களம் ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். பக்கத்துக் கம்பத்தின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிளிகள் சான்றிதழ் பார்ப்பதில்லை, இரண்டையும் தின்கின்றன.

கிளியோட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என மூன்று கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டிலேயே கபிலர் சொல்லிவிட்டார். கவட்டைக்கோ ரப்பர் வேண்டும். ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் குட்இயர் காப்புரிமை வாங்கியது 1844இல்தான். இருந்தும் கவட்டை சங்ககாலத்தது என்று நிறுவி இதுவரை யாரும் முனைவர் பட்டம் வாங்காதது நம் கல்விப்புலத்தின் சோம்பலையே காட்டுகிறது.

உருண்டை பிடிக்கும் கருவிகள் மூவகை.

உள்ளங்கை: இலவசம்.

முறுக்கு உரல்: உருண்டை வராது.

குழிப்பணியாரச் சட்டி: இங்கே ஆய்வாளன் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு. டில்லன் பொறியில் தட்டு சுழல்கிறது. இதில் சட்டி அசையாது, கரண்டிதான் சுற்றிவரும். கோள்கள் சுற்றுகின்றனவா, சூரியன் சுற்றுகிறதா என்ற பழைய வழக்குக்கு இது நெருங்கிய உறவு (காண்க: டீக்கடை பெஞ்சு வாய்மொழி, ஒருவர் தலையாட்டினார்). கண்மாய்க் கரம்பையை விரலில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து குழியில் அமுக்கினால் கிடைப்பது அரைக்கோளம்தான். கம்பியால் குத்தித் திருப்பினாலும் மாவு போல அது உப்பி மறுபாதியை நிரப்பாது (ஒப்பிடுக: அதே பெஞ்சு, மறுநாள், தலையாட்டியவரே மறுத்தார்). இரண்டு அரைகளை ஒட்டலாம் என்போர் ஒரு பள்ளி. எந்த அரை மேல், எந்த அரை கீழ் என்பதில் அப்பள்ளி உடனே இரண்டாயிற்று. இருசாராரையும் அப்பத்தா ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: "சட்டியில மண்ணப் போட்டுட்டு, பணியாரத்த ஒன் மண்டையிலயாடா ஊத்த?"

மறுப்பு வலுவானதுதான், ஆனால் மேற்கோள் காட்டத்தக்க இதழில் வெளியாகாததால் கணக்கில் கொள்ளவில்லை.

உண்மையான சிக்கல் வேறு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளி பாதுகாக்கப்பட்ட பறவை, அடிக்கக்கூடாது. குலையில் பட்டாலும் நட்டம் நமக்கே. ஆகவே நல்ல உருண்டை என்பது இலையில் பட்டுச் சத்தம் எழுப்பி, மற்ற எல்லாவற்றையும் தவறவிடுவது. அச்சில் வார்த்த சீரான உருண்டை குறி தப்பாமல் போய்த் தொலையும். உள்ளங்கையில் உருட்டிய கோணல் உருண்டையே சட்டத்துக்கு உட்பட்டது. அது எங்கே போய் விழும் என்பதற்கு, பார்க்க: அடுத்த தோட்டத்துக்காரர் முதுகு, முதற்பதிப்பு, இடது தோள், திருத்திய பதிப்பு, மூன்றாம் பதிப்புக்கு அவர் இசைவு தர மறுத்துவிட்டார்.