ஒரு வெள்ளி மாமா

பிள்ளைக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்ததை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போதுகூடப் பெயர், நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் பொழுது சாய்வதற்குள் ஒரு வெள்ளி மாமா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். வாழ்த்தெல்லாம் பிறகு. செருப்பைக் கழற்றும்போதே கேள்வி:

“ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டச் சொல்றான்?”

சுங்கைப் பட்டாணியில் தாமானுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பீடோங், லூனாஸ், கூலிம், பாடாங் செராய் பக்கமும் குறைவில்லை. அலோர் ஸ்டாரில் இருப்பவர் கொஞ்சம் நாசூக்கானவர், கோப்பி வந்த பிறகே கேட்பார். உலகத்தில் எந்த மருத்துவச் செலவைச் சொன்னாலும் எங்கள் தாமான் மாமா அதை நம் அரசாங்க கிளினிக்கின் ஒரு வெள்ளியால் வகுத்துப் பார்ப்பார். அதற்குத் தாளும் பென்சிலும் வேண்டும். ஒன்றால் வகுத்தால் அதே எண்தான் வரும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “வகுத்துப் பாத்தாதானே தம்பி தெரியும்” என்றார். முன்னாள் தோட்டத்துக் கிராணி. கணக்கைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்.

என் அக்காள் மகள் மான்செஸ்டருக்குக் கிளம்பிய சமயம். பிரிட்டனில் படிக்கப் போகிறவர்கள் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக விசா மனுப் போடும்போதே சுகாதாரக் கட்டணம் என்று மொத்தமாகக் கறந்துவிடுவார்கள். 2015-இல் இது தொடங்கியபோது மாணவர்களுக்கு வருஷத்துக்கு 150 பவுண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து 776. படிப்பு மூன்று வருஷம்தான், ஆனால் விசாவில் முன்னும் பின்னும் சில மாதங்களைச் சேர்த்துத் தருவார்கள். அதனால் மூன்றரை வருஷக் கணக்கு, 2,716 பவுண்டு. நம் காசுக்குப் பதினைந்தாயிரம் வெள்ளிக்கு மேல். வாயை விட்டுவிட்டாள் அக்கா.

மாமா பென்சிலை நாக்கில் தொட்டார்.

“பதினஞ்சாயிரம் தடவ கிளினிக் போலாம். தெனம் ஒரு தடவன்னு வச்சுக்க, நாப்பத்தோரு வருஷம். பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?”

“பத்தொம்போது மாமா.”

“அப்ப அறுவது வயசு வரைக்கும் தெனம் காய்ச்ச வந்தாலும் பாக்கலாம். அறுவதுக்கு மேல கவர்மெண்டே சும்மா பாக்குது. ஆயுசுக்கும் ஆச்சு!”

“மாமா, கோப்பி ஆறுது” என்றாள் அக்கா.

கணக்கில் தப்பே இல்லை. அந்த ஒரு வெள்ளி கிளினிக் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறது, பிள்ளை இருக்கப்போவது மான்செஸ்டரில் என்பது மட்டும் இடிக்கிறது. அதையும் கேட்டேன். பதில் தயாராக இருந்தது. சின்னக் காய்ச்சலுக்குக் கோடாலித் தைலம். அதற்கு அடங்காவிட்டால் பனடோல். அதற்கும் மேலே போனால் டிக்கெட் எடுத்து வந்துவிட வேண்டியது. குடல்வால் வீங்கினால் பதினான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார முடியுமா என்றேன். “நல்லத பேசு தம்பி, பிள்ள பொறப்படுற நேரத்துல” என்று என்னையே அடக்கிவிட்டார்.

பின்வீட்டுப் பையன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது பென்சிலுக்கு இன்னும் வேலை. அங்கே காப்புறுதி இல்லாமல் மாணவர் விசாவே கிடையாது. விசா முடிகிற நாள்வரை அது அறுபடாமல் இருக்கவும் வேண்டும். பெல்ஜியம், நார்வே, சுவீடன் பிள்ளைகளுக்கு மட்டும் அவரவர் நாட்டு ஏற்பாடு இருப்பதால் விலக்கு. இதை யார் மாமாவிடம் ஓதினார்களோ, ஒரு மாதத்துக்கு ஒட்டுக்கடையில் நார்வேக்காரன் பாடு திண்டாட்டம். போகும்போதே இருந்த வியாதிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதைப் படித்துக் காட்டியபோது மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். “வியாதி வாசல்ல பன்னண்டு மாசம் நிக்குமாடா?”

அவருடைய மற்ற குணங்கள் இருக்கட்டும். ஹார்வார்டில் படித்தவன் என்று புது ஆட்களிடம் சொல்லிக்கொள்வார். பொய்யில்லை, பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிதான்.

அவர் பிறந்த லயத்திலிருந்து பார்த்தால் இந்த ஒரு வெள்ளிக் கிறுக்கு ஓரளவு புரிகிறது. அங்கே வைத்தியம் என்றால் டிரஸ்ஸர். சட்டத்தில் அவர் தோட்ட மருத்துவமனை உதவியாளர்; பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. லயத்து ஜனத்துக்கு டிரஸ்ஸர்தான். மருந்து இலவசம். ஆனால் உனக்கு நோவு உண்மையா, பிரட்டுக்கு டிமிக்கி கொடுக்க வந்தாயா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அவர் தலையாட்டாவிட்டால் காய்ச்சலோடு பால்மரத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. மாமாவின் தாயார் அப்படிக் காய்ச்சலோடு வாளி தூக்கியவர். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியை நீட்டி, எண் வாங்கி, மற்ற ஜனத்தோடு சமமாக உட்கார்ந்து, டாக்டர் “என்ன செய்யுது?” என்று கேட்ட அன்று அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து அழுதாராம். இதை மாமா ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் கணக்கில்லாமல். இன்றைக்கு அந்த ஒரு வெள்ளியும் அவரிடம் வாங்குவதில்லை, அறுபதைத் தாண்டியவர். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்றுகூட நினைக்கிறேன்.

இவ்வளவும் சரி. ஆனால் அந்தக் கணக்கு பிள்ளையோடு விமானம் ஏறிப் போகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மான்செஸ்டரில் முதல் குளிரிலேயே அக்காள் மகளுக்குக் காதுவலி. சீழ் வைத்துத் தலையணை நனைகிற வரைக்கும் டாக்டரிடம் போகவில்லை. கேட்டால், “எவ்வளவு கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு.” அடி பைத்தியமே, பதினைந்தாயிரம் கட்டியாகிவிட்டது! அங்கே பக்கத்து டாக்டரிடம் பதிந்துகொள்ளக் காசில்லை, பார்ப்பதற்கும் காசில்லை. போகாமல் இருந்தால்தான் நஷ்டம். இதைப் புறப்படும் முன் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விட்டால்தானே? வீட்டுக்கு வந்தவர் எல்லாரும் நாற்பத்தோரு வருஷக் கணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனோம். எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது, எங்கே பதிந்துகொள்வது, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்குப் போன் போடுவது என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒருவரும் படிக்கவில்லை.

அந்த ஒரு வெள்ளிகூட வைத்தியத்தின் விலையில்லை. மிச்சத்தை அரசாங்கம் கட்டுகிறது, குடிமகன் என்பதால் கட்டுகிறது. நம் செமிலிங் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்க வந்தால் அவர்களுக்கும் மாணவர் பாஸோடு காப்புறுதி கட்டாயம். நம் கிளினிக்கில் அவர்களுக்கு ஒரு வெள்ளி விலையும் கிடையாது. மாமா வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியாகத்தான் மெர்போக்குக்கு மீன் வாங்கப் போகிறார். அவர்களுக்கு ஒரு நாளும் வகுத்துப் பார்த்ததில்லை.

சரி, காது ஆறிவிட்டது. டாக்டர் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை என்றதும் மாமாவின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் மருந்துச் சீட்டுக்கு 9 பவுண்டு 90 பென்ஸ் கட்டினாள் என்று கேட்டதும் பிரகாசமானார். ஐம்பத்தைந்து வெள்ளிக்கு மேல்! “பாத்தியா! அவ்வளவு புடுங்கியும் மருந்துக்குத் தனியா!” அந்த வாரம் ஒட்டுக்கடையில் கோப்பி அவர் கணக்கு.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மருந்துச் சீட்டுக் கட்டணம் இங்கிலாந்தில் மட்டும்தான் மாமா, ஸ்காட்லாந்தில் 2011-லேயே எடுத்துவிட்டார்கள் என்றேன். பென்சில் நின்றது. “சும்மாவா?” என்றார். சும்மா என்றேன். வருஷத்துக்கு 776 அங்கேயும் உண்டு என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள் ஆள் கேட்டைத் தாண்டிவிட்டார்.

இப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறான். கப்பல் பொறியியலா கணக்கியலா என்று அவனுக்கே தெளிவில்லை. மாமா நேற்று அவன் அப்பாவைச் சந்தையில் மறித்து நிறுத்தியிருக்கிறார்.

“எந்தப் படிப்பா இருந்தா என்னய்யா? கிளாஸ்கோவுல போடு.”