முதலையும் புலியும் கள்ளக்கடலும்: பக்கத்து வெளிநாட்டிலிருந்து ஒரு மடல்

திருவனந்தபுரம்,
மிதுன மாதம் (தமிழ்க் கணக்கில் ஆனி)

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வெளிநாடு என்பதை மொழி தெரியாத ஊர் என்றே பலரும் வரையறுப்பர். ஆனால் நாகர்கோவிலில் பிறந்து, மாநில எல்லையான களியக்காவிளையைக் கடந்து, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில் குடியேறியவனுக்கு, தெரிந்த சொற்கள் தெரியாத பொருளில் நடமாடும் ஊரே வெளிநாடு என்பதை நிறுவுவது இம்மடலின் நோக்கமாகும். 1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. திருவிதாங்கூரின் தலைநகரமே 1795-இல் பத்மநாபபுரத்தை விட்டு இங்கு வந்து சேர்ந்தது. ஆகவே இம்மடலை வரைபவனைக் குடிபெயர்ந்தவன் என்பதைவிட, அரண்மனைச் சாமான்களோடு வந்திருக்க வேண்டிய வண்டியைத் தவறவிட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தவன் என்பதே பொருந்தும்.

இங்கு தென்மேற்குப் பருவமழைக்கு இடவப்பாதி என்று பெயர். இடவம், அதாவது வைகாசி, பாதி கழிந்ததும் வருவது என்பது பொருள். மழை பெய்துவிட்டால் மட்டும் பருவமழை வந்ததாகாது. மே 10-க்குப் பிறகு, குறித்த 14 நிலையங்களில் 60 விழுக்காடாவது தொடர்ந்து 2 நாள் 2.5 மி.மீ.க்குக் குறையாத மழையைப் பதிவுசெய்து, காற்றும் முகிலும் இசைந்தால்தான் வானிலைத் துறை அதை ஏற்கும் என்பதன் நுட்பத்தை, பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண்ணெடுத்தவர்களே உணர்வர். பொருத்தங்கள் அனைத்தும் கூடிவந்த பின்னர், மஞ்சள் எச்சரிக்கை, அதாவது 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை மழை பெய்யக்கூடும் என்ற அறிவிப்பு வெளியான ஒரு நாளில், மஞ்சள் மங்கலம் என்றெண்ணிய ஒருவன், துணைக்கு வர எவரும் இசையாமையால் தனியனாக, சங்குமுகத்திலிருந்து வர்க்கலா வரை கடலோரமாக மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். அவன் யார் என்பது பெரியப்பா அவர்களின் ஊகத்திற்கு விடப்படுகிறது.

சங்குமுகத்தில் கடல் பார்க்க இறங்கியவனிடம் மீனவர் ஒருவர் 'கள்ளக்கடல்' என்று எச்சரிக்க, அவன் தன் பையை இறுகப் பற்றிக்கொண்டான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் காற்றால் உருவாகும் நெடிய அலைகள், கரையில் எந்த அறிகுறியும் காட்டாமல், திருடனைப்போல் வந்து ஏறுவதே கள்ளக்கடல். மீனவர் வாய்ச்சொல்லான இதனை யுனெஸ்கோ 2012-இல் ஏற்றுக்கொண்டது. களவு போனது பை அன்று, வலக்கால் செருப்பு. பின்சக்கர பிரேக்கை மிதிக்க வேண்டியதும் அதே கால் என்பதால், எஞ்சிய பயணம் வெறுங்காலிலேயே நடந்தது.

1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் எழும்பிய தும்பாவைக் கடக்கையில், ராக்கெட்டின் பாகங்களே சைக்கிளில் சென்ற ஊர் இது என்ற நினைவு ஊக்கமளித்தது. எனினும் இடப்புறமிருந்து மோதிய கடற்காற்று மழைக்கோட்டைப் பாய்மரப் பாயாக்கியதால், இடப்புறம் சாய்ந்தால்தான் வண்டி நேராகச் செல்லும் என்ற நிலை ஏற்பட்டது. இவ்வாறு கோணலாகவே முதலப்பொழியை அடைந்தவனுக்கு, அங்கே ஒரு புலிமுட்டு இருப்பதாகச் சொல்லப்பட்டது. முதலையும் புலியும் ஓரிடத்தில் எதிர்ப்படும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை; பொழி என்பது காயல் கடலோடு கலக்கும் வாய் என்பதும், புலிமுட்டு என்பது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர் என்பதும் பின்னரே விளங்கின. ஆனால் மணல் அடைந்து அலை முறியும் அந்த வாயில் படகு கவிழ்ந்து மீனவர் பலர் மாண்டுள்ளனர் என்று கேட்டபின், மெய்யான புலியே மேல் என்று தோன்றியது.

ஆற்றிங்கல் அரசியின் இசைவுடன் ஆங்கிலேயர் 1690-களில் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கும் அஞ்சுதெங்கில், தட்டுக்கடைக்காரர் பரிவோடு 'வெள்ளம் வேணோ?' என்று வினவினார். மலையாளத்தில் வெள்ளம் குடிநீரைக் குறிக்கும் என்பது அறிந்ததே ஆயினும், உச்சி முதல் உள்ளங்கால் வரை அதனுள்ளேயே நின்றவன் 'போதும்' என்று கைகூப்பினான்.

முடிவில், அரபிக்கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் வர்க்கலாவின் செந்நிறப் பாறைச் சரிவுகள் தென்பட்டன. அவற்றின் மேலடுக்கு வெட்டுக்கல், அதாவது வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் வன்மையாகவும் மாறும் செம்புரைக்கல். மழைநீர் அதன் துளைகள் வழியே இறங்கிக் கீழடுக்குகளை இளக்குவதால் சரிவுகள் அவ்வப்போது இடிந்து விழுகின்றன. அடிவாரத்துக் கடற்கரையின் பெயர் பாபநாசம். நாள் முழுவதும் பொருள் மாறாமல் எதிர்ப்பட்ட சொல் அது ஒன்றே.

எனவே பெரியம்மா வினவினால், 'பிள்ளை பாபநாசம் போய் நீராடி வந்தான்' என்று மட்டும் கூறியருள வேண்டப்படுகிறது. அது தாமிரபரணியா, அரபிக்கடலா என்று அவர் கேளாதவரை, அதில் பொய் எதுவும் இல்லை.

இங்ஙனம்,
தங்கள் தம்பி மகன்

பி.கு.: இப்பருவத்தில் மேற்குக் கரையின் நீரோட்டம் களியக்காவிளையில் சோதனை எதுவுமின்றித் தெற்கு நோக்கிச் செல்வதால், குளச்சல் பக்கம் வலக்கால் செருப்பு ஒன்று கரையொதுங்கினால் எடுத்துவைக்கவும்.