யானைக்கு நம்பர் பிளேட் இல்லை

லாரி மோதினால் வண்டி எண் இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கும், தீர்ப்பாயம் இருக்கும். வாய்தா மேல் வாய்தா போட்டாவது ஒருநாள் காசு வரும். கேரள மலைக் கிராமமான காந்தலூரில் மோதுவது யானை. வனவிலங்குத் தாக்குதலுக்கென்றே கேரள அரசு 1980-ல் தனி இழப்பீட்டு விதிகள் எழுதியது. உயிர் போனால் 10 லட்சம் ரூபாய். பிழைத்துக்கொண்டால்தான் வில்லங்கம். கை எவ்வளவு மடங்கும், கால் எவ்வளவு ஊன்றும் என்று டாக்டர் எழுத வேண்டும். எல்லை தாண்டிப் போன உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரி பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும். அக்ஷயா இ-சேவை மையத்தில் மனு ஏற்ற வேண்டும். மிதித்தது யானைதான் என்று வனத்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். (யானைத் தரப்பில் மறுப்பு ஏதும் வந்ததாகத் தகவல் இல்லை.) பிறகு நிதி வரட்டும் என்பார்கள். 2024-ல் அரசு வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. ஃபைலுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

யானையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதம். மனுதாரர் ஊன்றுகோலோடு ஆபீஸ் படியேறிக்கொண்டிருக்கும்போதே, மிதித்த அம்மணி குட்டியோடு திரும்பி வந்து முட்டைக்கோஸ் பாத்தியை முடித்துவிட்டுப் போகலாம். பயிர்ச்சேதத்துக்குத் தனி மனு.