கல்லாவுக்கும் காது உண்டு

‘உணவை வீணாக்காதீர்’ என்று சின்ன மெஸ்களுக்குச் சுவரொட்டி தருகிறவர்கள், அதை ஒட்டப் பசைகூடத் தருவதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் உணவகங்களின் பங்கு 28 விழுக்காடு, வீடுகளின் பங்கு 60. வீடுகளுக்குப் புத்தி சொன்னால் ஓட்டுப் போகும். ஆகவே மெஸ்காரர் அகப்பட்டார். அவரோ, மிஞ்சிய இட்லியை உப்புமாவாக்கி, புளித்த மாவைப் பணியாரமாக்கி, அறிக்கைகள் பிறப்பதற்கு முன்பே சிக்கனம் பயின்றவர். அவருக்கு நஷ்டம் இலையில்தான். கேட்காமலே விழும் இரண்டாம் கரண்டிப் பொரியலில் காய், எண்ணெய், காஸ், கூலி எல்லாம் போகிறது. எந்தப் பதார்த்தம் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று ஒரு வாரம் எடை போட்டால், உபதேசத்துக்கு வேலையில்லை; கல்லாவே பேசும்.

அளவைக் குறைத்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார் என்பார்கள். போவார்தான், கேட்டும் மறுசோறு வராவிட்டால். முதல் கரண்டியைச் சிறிதாக்கி, அடுத்ததைக் கேட்டுப் போட்டால் யாரும் எழுந்து போவதில்லை. சோறு மட்டுமல்ல, பொரித்து மிஞ்சும் பழைய எண்ணெயும் காசுதான்: அதைப் பயோடீசலுக்குத் திருப்ப ‘ரூகோ’ திட்டம் 2018இலேயே வந்தது. ஆனால் எண்ணெயை டிரம் கணக்கில் தேடுகிறவர் ஐந்து லிட்டர் பஜ்ஜிக் கடைக்கு ஏன் வருவார்? தெருவுக்கு ஒரு பொது டிரம் வைத்துவிட்டு, அப்புறம் பயிலரங்கு நடத்துங்கள், ஐயா.