ஈ ஓட்டிய காலம்

1980களின் தொடக்கத்தில் விலங்கியல் ஆய்வு மாணவனாக நான் பார்த்த வேலை, பால் பாட்டில்களில் பழ ஈ வளர்ப்பது. வாழைப்பழமும் ஈஸ்ட்டும் ஈத்தரும் மணக்கும் சட்டையோடு வீடு திரும்பினால் சித்தப்பா திண்ணையிலிருந்தே கேட்பார்: "என்னடா, இன்னிக்கு எத்தனை ஈ ஓட்டின?" அவருக்கு மளிகைக் கடை. ஈ ஓட்டுவதன் அருமை நன்றாகவே தெரியும்.

ஹைடெல்பெர்க்கில் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷவுஸும் 1980இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் அப்போது வேதம்போல் வாசித்துக்கொண்டிருந்தோம். ஒரு மரபணு பழுதானால் ஈயின் புழு குட்டையாகி, முள் அடர்ந்து முள்ளெலிபோல் ஆகிவிடுகிறதாம். மரபணுவுக்கும் அதே பெயர், ஹெட்ஜ்ஹாக். "இதனால யாருக்கு என்ன லாபம்?" என்றார் ஒரு மூத்த பேராசிரியர். எங்களிடம் பதில் இல்லை. 1995இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேப்பரில் படித்த சித்தப்பா, "உனக்கு ஒண்ணும் தரலியா?" என்று விசாரித்தார்.

இன்று அந்த மரபணுவின் உறவினர், வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரால் சோனிக் ஹெட்ஜ்ஹாக், புற்றுநோய் மருத்துவர்களின் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா குழந்தைகளைத் தாக்கும் கொடிய கட்டி. அதன் நான்கு வகைகளில் ஒன்று இந்தச் சமிக்ஞை ஓயாததால் வருவது. சிறுமூளைச் செல்களைப் பெருகச் சொல்லிவிட்டு அடங்க வேண்டிய சமிக்ஞை, பேட்ச்டு என்ற பூட்டு உடைந்தால் அடங்குவதில்லை.

அதை அடக்க வழிகாட்டியவை ஆடுகள். ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் மேய்ந்த ஒரு மலைச்செடியின் நஞ்சுதான் காரணம். அந்தச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்மூத்தென்டு என்ற புரதத்தை அது முடக்குகிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. அதே புரதத்தைக் குறிவைக்கும் விஸ்மோடெகிப் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, தோல் புற்றுநோய்க்கு. அதற்கு முன்பே, 2009இல், மெடுல்லோபிளாஸ்டோமா உடலெங்கும் பரவிய 26 வயது இளைஞருக்கு இந்த மருந்தால் கட்டிகள் கரைந்தன என்று செய்தி வந்தது. என்னைப் போன்ற பழைய ஈக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சில மாதங்களில் கட்டி திரும்பிவிட்டது. மருந்து பிடிக்க வேண்டிய புரதமே உருமாறியிருந்தது.

குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். எலும்பை வளரச் சொல்வதிலும் இதே சமிக்ஞைக்குப் பங்குண்டு. இந்தக் கட்டிக்கு வழக்கமாக மூளைக்கும் முதுகுத்தண்டு முழுவதுக்கும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். பிழைத்த பிள்ளை குள்ளமாக நிற்கும். அந்தக் கண்மூடித்தனத்துக்கு மாற்றாகக் குறிபார்த்து அடிக்கும் மருந்து வந்தது. அதைச் சாப்பிட்ட சில பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டுகள் வயதுக்கு முன்பே மூடிக்கொண்டன. அரை நூற்றாண்டு அறிவியல் சுற்றி வந்து சேர்ந்த இடம் அதே குள்ளம்! சில கைக்குழந்தைகளுக்கோ பழுது சமிக்ஞைப் பாதையில் ஸ்மூத்தென்டைத் தாண்டிக் கீழே இருப்பதால் மருந்து பலிப்பதே இல்லை.

ஆகவே, எலும்பு வளர்ந்து முடிந்த பிள்ளைகளுக்கே இந்த மருந்தை ஆய்வுகளில் தருகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் சிகிச்சை இன்றும் அறுவையும் கீமோவும்தான்.